குழாய்க்குச் சாக்கு கட்டியாச்சு

ஜனவரி 1

இந்த டைரி ஓசி. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ‘உங்கள் இல்ல விசேஷங்களுக்கு லிங்கதுரை சவுண்ட் சர்வீஸ், வள்ளியூர்’ என்று அச்சடித்திருக்கிறது. அந்த லிங்கதுரைதான் எங்க அக்கா செண்பகவல்லியைக் கட்டிக்கொள்ளப் போகிற அத்தான். போன மாசம் நிச்சயத்துக்கு வந்தபோது, “பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, தெனமும் எழுதிப் பழகு” என்று கையில் தந்தார். பழகுகிறேன். நான் எதை எழுதினாலும் அடியில் அவர் விளம்பரம் வந்து நிற்கும். வீட்டுச் சண்டையை எழுதினால் அதுவும் இல்ல விசேஷம்தானே.

என் பெயர் முப்பிடாதி. பள்ளிக்கூடத்தில் முப்பது வியாதி என்பார்கள். முப்பத்தொன்றாவது வியாதி என்னால் மற்றவர்களுக்கு வருவது. போன வாரம் கணக்கு சாருக்கு வந்தது. ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் ஒரு கீச்சுப் பொம்மையைச் செருகி வைத்தேன். உட்கார்ந்தால் கீச், எழுந்தால் கீச். சீட்டுக்குள் ஏதோ குஞ்சு மாட்டிக்கொண்டது என்று நினைத்து, மனுஷன் வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். வேறு ஊர் சாராக இருந்தால் சீட்டைக் கழற்றிப் பார்த்திருப்பார். எங்க ஊர்க்காரர் என்பதால் குஞ்சுக்கு அதிர்ச்சி வரக்கூடாது என்று தள்ளினார்.

ஜனவரி 3

எங்க ஊர் எப்படிப்பட்டது என்று எழுதினால்தான் மேலே எழுதியது விளங்கும்.

ஊர் தாழங்குளம். குளத்துக்கு நடுவில் கருவை மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். வருஷா வருஷம் மார்கழி பிறந்ததுமே மஞ்சமூக்கு நாரைகள் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். அதைப் பார்க்க மதுரை, நாகர்கோவில் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அப்பா அந்த சீசனுக்குக் கரையில் டீக்கடை போடுவார். அக்காவுக்குக் கரை மேல் இருக்கிற டவரில் வேலை. டெலஸ்கோப்பில் பார்த்து, வருகிறவர்களுக்கும் காட்டி, என்ன பறவை வந்திருக்கிறது என்று டவருக்குக் கீழே இருக்கிற கரும்பலகையில் எழுத வேண்டும். படித்தது பி.காம். ஆனால் பறக்கிறதை வைத்தே பெயர் சொல்லுவாள்.

முதல் ஜோடி நாரை மரத்தில் உட்கார்ந்தது தெரிந்தால், அன்றைக்கே அம்மன் கோயில் ஸ்பீக்கர் குழாயின் வாயில் சாக்கைக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு குஞ்சுகள் பறந்து போகும்வரை ஊரில் மைக் இல்லை, மேளம் இல்லை, வேட்டு இல்லை. கல்யாணமென்றால் பெண்களின் குலவைதான். அதுவும் தொண்டைக்குள்ளேயே. வெளியூர் மண்டபத்தில் தாலி கட்டினாலும் எங்க ஊர்ப் பிள்ளை என்றால் மேளம் கிடையாது. கட்டின சாக்கை நடுவில் அவிழ்த்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஊரில்தான் மைக் செட்டுக்காரருக்குப் பெண் கொடுக்கிறார்கள். கோழிப்பண்ணையில் நரிக்குச் சம்பந்தம் பேசிய மாதிரி. கல்யாணம் ஜனவரி 24. இந்த வருஷம் மழை தள்ளிப் பெய்ததால் நாரை வரவில்லை. “அது வாறதுக்குள்ள தாலி ஏறிரும், நீங்க லாரி நிறைய ஸ்பீக்கர் கொண்டாங்க” என்று ஊர்த்தலைவர் சங்கிலிபூதம் பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அக்கா காலையிலிருந்து சாயங்காலம் வரை டவரில் நின்று காலி மரத்தையே பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் நாரை வந்து காரியத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயம் போலிருக்கிறது. பாவம்.

ஜனவரி 6

மாப்பிள்ளையின் அம்மா சேலை காட்ட வந்தார். அத்தானும் வந்தார். சேலையெல்லாம் பார்த்து முடித்த பிறகு அந்த அத்தை, “கல்யாணத்துக்குப் பொறவு இந்த டவரு கிவரெல்லாம் வேண்டாம் தாயி. வீட்டுக்கு வந்த மருமவ மரம் ஏறி நிக்கான்னு நாலு பேரு பேசுவாவ” என்றார். அத்தான் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தார். அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்கா “சரிங்கத்தை” என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த அதிரசத்தை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தாள். அவளுக்கு அதிரசம் ஆகவே ஆகாது.

சாயங்காலம் டவருக்குப் போய் டெலஸ்கோப்பின் காலைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். “இந்த ஸ்க்ரூ லூசு. எனக்குப் பொறவு வாறவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்” என்றாள். யாருக்கு லூசு என்று கேட்டேன். வழக்கமாக இதற்குக் குட்டு விழும். விழவில்லை.

ஜனவரி 7

ரேஷன் கடை. சர்க்கரை இல்லை. திரும்பி வந்தேன்.

ஜனவரி 8

அக்கா சரியில்லை. பேசினால் பதில் பாதி வருகிறது, மீதி குளத்தில் விழுந்துவிடுகிறது. அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். அல்லது கத்த வைக்க வேண்டும். இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம்.

பரண் மேல் நிச்சயதார்த்தத்து மேடைத் தெர்மாகோல் கிடக்கிறது. அத்தான் கடையில் செய்து கொண்டுவந்தது. ‘செண்பகவல்லி – லிங்கதுரை’ என்று தங்கக் கலர் ஜிகினா எழுத்து. பின்பக்கம் முழுக்க வெள்ளை. நாரையும் வெள்ளை. இறக்கையில் கறுப்புப் பட்டை, வாலில் கொஞ்சம் ரோஸ், மஞ்சள் மூக்கு. பெயின்ட் என்னிடம் இருக்கிறது, ரோஸ் ரிப்பன் பூங்கொத்தில் இருக்கிறது, கால் குடைக்கம்பியில் இருக்கிறது. மூக்குக்குத்தான் யோசனை.

ஜனவரி 10

பொங்கலுக்கென்று அம்மா புதுசாக வாங்கி வைத்த சிரட்டை அகப்பை இரண்டையும் காணவில்லையாம். வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறாள். நானும் கூடத் தேடினேன். நாரை மூக்குக்கு அகப்பைக் காம்பை விட்டால் இந்த ஜில்லாவில் வேறு பொருள் கிடையாது. முனையை அரத்தால் ராவினால் அந்த வளைவுகூட வந்துவிடுகிறது. சிரட்டை தலைக்குள்ளே போய்விட்டது.

“நீ எடுத்தியாட்டி?”

“நான் எதுக்கும்மா அகப்பை எடுக்கேன்? என்னைக்காவது அடுப்படிக்கு வந்துருக்கேனா?”

இதை அம்மா ஒப்புக்கொண்டாள். ஒரு மனுஷிக்கு நல்ல பெயரைவிடக் கெட்ட பெயர் எவ்வளவு உபகாரம்.

ஜனவரி 12

மத்தியானம் எல்லாரும் பொங்கல் சாமான் வாங்கச் சந்தைக்குப் போனபோது, லாரி டியூபைப் போட்டுக் குளத்துக்கு நடுவில் போனேன். கருவை முள் இரண்டு கையிலும் கோலம் போட்டுவிட்டது. நடு மரத்தின் உச்சியில் ஒரு கழியைக் கட்டி இரண்டையும் நிறுத்தினேன். ஆணும் பெண்ணும். எது ஆண் என்று கேட்டால் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியாது.

கரையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் கை கூப்பத் தோன்றியது.

திட்டம் இதுதான். நாளைக்குக் காலையில் அக்கா பார்ப்பாள். பதறுவாள். டெலஸ்கோப்பில் கண்ணை வைப்பாள். தெர்மாகோல் என்று தெரியும். என்னை விரட்டுவாள். பத்து நிமிஷ வேலை.

ஜனவரி 13

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அப்பா கடையில் பெஞ்சில் உட்கார்ந்து டவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏறினாள். மரத்தைப் பார்த்தாள். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்த லூசு ஸ்க்ரூவைத் திருகித் திருகி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கி வந்தாள். நான் சிரிக்கத் தயாராக எழுந்தேன். அவள் என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, நேராகச் சங்கிலிபூதம் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, ஜோடி உக்காந்துட்டு.”

பெரியப்பா கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தார். “நல்லாப் பார்த்தியா தாயி? கல்யாணத்தக் கையில வச்சிக்கிட்டுச் சொல்லுத.”

“பார்த்தேன்.”

“மறுக்கா ஒருதரம் பாரு. அவசரமில்ல. நாளைக்குக் கூடச் சொல்லு.”

“உக்காந்தத நாளைக்கு எப்படிப் பெரியப்பா சொல்ல?”

அவ்வளவுதான். அக்கா சொன்னால் ஊரில் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். அவள் இதுவரைக்கும் இல்லாத பறவையைச் சொன்னதில்லை. கரையில் கூட்டம் கூடி, தூரத்தில் இரண்டு வெள்ளையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். இந்த வருஷம் சாக்கு கட்டுகிற முறை எங்க வீட்டுக்கு. அப்பாதான் ஏணியில் ஏறினார். ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தி, கீழே நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா இரண்டாவது முடிச்சையும் போட்டார். இறங்கி வந்தபோது கண்ணில் சாக்குத் தூசி விழுந்துவிட்டது என்றார்.

எல்லாரும் போன பிறகு டவரில் ஏறி நானே பார்த்தேன். தெர்மாகோல் குருணைகூடத் தெரிகிறது. அகப்பைக் காம்பில் நான் பெயின்ட் அடிக்காமல் விட்ட இடம் தெரிகிறது. அக்காவுக்குக் கண் கெட்டுவிட்டதா, எனக்கு மூளை கெட்டுவிட்டதா?

கரும்பலகையைப் பார்த்தேன். நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான் என்று எழுதியிருந்தது. மஞ்சமூக்கு நாரை என்று எழுதவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவள் பலகைக்கு ஏன் சொல்லவில்லை?

ஜனவரி 14

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அப்பாவையும் பெரியப்பாவையும் ஒன்றாகப் பிடித்தேன்.

“அது நாரை இல்ல. தெர்மாகோல். நான்தான் வச்சேன்.”

பெரியப்பா சிரித்தார். “போன வருஷம் கோயில் உண்டியல்ல தவளை இருக்குன்னு சொன்னவ நீதான?”

“அது பொய். இது நெசம்.”

“தவளைக்கும் இப்படித்தான் சொன்ன.”

அப்பா சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்து, “அக்கா கல்யாணத்துல மேளம் இல்லன்னு உனக்கும் சங்கடமாத்தான் இருக்கும். அதுக்காவ வந்த பறவையப் பொய்னு சொல்லக்கூடாது. பாவம்ட்டி” என்றார்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்க்காமல், “அலகு அசைஞ்சுது” என்றாள்.

என் அகப்பைக் காம்பு அசைந்ததாம். இந்த ஊரில் நான் சொன்ன ஒரே உண்மையை யாரும் நம்பவில்லை. அது தெர்மாகோல் இல்லை, அதர்மக்கோல்.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கியபோது எல்லார் வீட்டிலும் “பொங்கலோ பொங்கல்” என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டோம். அம்மா எவர்சில்வர் கரண்டியால் கிண்டிக்கொண்டே அகப்பையை எடுத்தவர் கையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னாள். என் கையில் கீறல் எப்படி வந்தது என்றும் கேட்டாள். பூனை என்றேன்.

வள்ளியூரிலிருந்து போன். அப்பா கொல்லைப் பக்கம் போய்ப் பேசினார். திரும்பி வந்து பொங்கலைத் தொடவில்லை. அக்காவும் தொடவில்லை. நான் மூன்று பேர் பங்கைச் சாப்பிட்டேன். வருத்தமாக இருந்தால் எனக்குப் பசிக்கும்.

ஜனவரி 17

காணும் பொங்கல். முதல் ஜோடி வந்துவிட்டது என்று எப்படியோ பரவி, கார்களும் வேன்களுமாகக் கரை நிறைந்துவிட்டது. அப்பா கடையில் பால் தீர்ந்து மறுபடி வாங்கினோம். பொய் நாரையால் மெய்யாக வியாபாரம் நடந்த கதை.

மதுரையிலிருந்து ஒருவர் பீரங்கி மாதிரி லென்ஸோடு வந்து, கிழக்குக் கரைக்குப் போனால் கிட்டத்தில் எடுக்கலாமா என்று கேட்டார். அக்கா டவரிலிருந்து படி தாவி இறங்கி வந்தாள்.

“அந்தப் பக்கம் போவக்கூடாது சார். புதுசா வந்த ஜோடி. ஆள் நிழல் பட்டாலே எந்திரிச்சுப் போயிரும்.”

“சின்னதா ஒரு ஷாட்மா.”

“கூடு கட்டுற வரைக்கும் கிடையாது சார். மேக்கால நிறைய நீர்க்காகம் இருக்கு, வாங்க காட்டுதேன்.”

“காலைல இருந்து அசையவே இல்லையே?”

“களைப்பு சார். ரொம்பத் தூரம் பறந்து வந்திருக்கு.”

மனுஷன் உருகிப்போய் லென்ஸை மூடிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் டெலஸ்கோப்பை நாமக்கோழிப் பக்கம் திருப்பிக் காட்டினாள். பொய் சொல்வதில் எனக்குப் பத்து வருஷ அனுபவம். அக்கா நாலு நாளில் என்னைத் தாண்டிவிட்டாள். ஆனால் பொய் சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரும். அவள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்கும் பலகையில் நாரை இல்லை.

ஜனவரி 18

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அத்தான், அவர் அம்மா, அவர் மாமா. எங்க பக்கம் பெரியப்பா.

அப்பா, “குலவையோட வச்சிக்கலாம் மைனி. இங்ஙன சீசன்ல நடந்த கல்யாணம் எல்லாம் அப்படித்தான். எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ” என்றார்.

“ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மைக் கட்டுதவன் எம் மவன். அவன் கல்யாணத்துல கொசு சத்தம் கேட்டா வள்ளியூரே சிரிக்கும். தொழில் பாக்குதவன் ஒருத்தன் விடாமப் பத்திரிகை வச்சிருக்கோம். அந்தச் சாக்க ஒரு நாள் அவுத்தா என்ன?”

பெரியப்பா, “அதுக்கு இந்த ஊர்ல ஏணி கிடையாது தாயி” என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அத்தை காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

“அப்ப ஆவணிக்குத் தள்ளிப்போடவா? அதெல்லாம் ஆவாது.”

அப்போது அத்தான் செல்போனைச் சட்டைப் பையில் வைத்தார். “மேளம் இல்லாட்டி என்னம்மா. குலவையே இருக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கழிச்சு நானே ஒருதரம் குளத்தப் பார்த்துட்டு, நம்ம ஆளுவகிட்ட எடுத்துச் சொல்லிக்கிடுதேன்.”

அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது, என் குறும்பால் கல்யாணம் நிற்கவில்லை. நல்ல அத்தான். இந்த டைரியைத் தந்தபோதே தெரியும்.

அடுப்படியில் போய்ப் பார்த்தால் அக்கா அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ரத்தம் இல்லை.

“அத்தான் ஒத்துக்கிட்டாருக்கா.”

“கேட்டுது.”

“பின்ன என்ன?”

“ஒண்ணுமில்ல. தண்ணி குடு.”

இதில் எது என்ன என்று எனக்கு யாராவது சொன்னால் நல்லது.

ஜனவரி 19

நேரடியாகவே கேட்டேன். “டெலஸ்கோப்ல பார்த்தல்ல. அது என்னன்னு தெரிஞ்சுதா இல்லயா?”

அக்கா என் கைக் கீறல்களுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள். “முள்ளு ஒண்ணு உள்ளயே இருக்கு பாரு. அடுத்த தடவ முழுக்கைச் சட்டை போட்டுட்டுப் போ” என்றாள்.

பூனை கீறியது என்று சொல்லியிருந்தேனே.

ஜனவரி 20

அத்தான் தனியாக பைக்கில் வந்தார். டவரில் அக்கா, நான், அவர்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் குளத்தைப் பார்த்தோம். காற்று பலமாக இருந்தது. அவர், “எனக்கு இங்க காது என்னமோ பண்ணுது. சத்தமே இல்ல” என்றார். “சத்தம் இருக்கு. நீங்கதான் வால்யூம் கூட்டிக் கேட்டுப் பழகிட்டீய” என்றேன். சிரித்தார்.

அப்புறம் அக்காவிடம், “எங்க அந்த ஜோடி?” என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது என்ன சொல்வாள்? களைப்பு என்பாளா, நிழல் பட்டால் போய்விடும் என்பாளா? அவள் டெலஸ்கோப்பை நடு மரத்துக்குத் திருப்பி, குனிந்து பார்த்து, ஸ்க்ரூவை இறுக்கி, தெளிவாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“நீங்களே பாருங்க.”

அவர் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கண்ணை எடுக்காமலே, “இறக்கையில தங்கக் கலர்ல என்னமோ மின்னுது” என்றார்.

நான், “வெயில் அத்தான்” என்றேன்.

“ம். வெயில்.” நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். “இந்த டவருக்கு ஏற வேண்டாம்னு எங்கம்மா சொன்னப்ப நான் அங்ஙனதான் இருந்தேன்.”

“ஆமா.”

“வாயத் தொறந்து எதாவது சொல்லிருக்கலாம்.”

“நானும்தான்” என்றாள் அக்கா. “சரிங்கத்தைன்னுல்லா சொன்னேன்.”

அவர் படியிறங்கும்போது கூடப் போனேன். பைக்கை உதைத்துவிட்டு, “ஏ முப்பிடாதி, அந்தத் தெர்… அந்த நாரை, நல்லாப் பண்ணிருக்கு. வந்துருக்குன்னு சொல்ல வந்தேன்” என்றார்.

“கல்யாணத்தன்னைக்கும் இருக்கும் அத்தான்.”

“இனிமே அண்ணாச்சின்னு கூப்பிடு, என்ன.”

போய்விட்டார். ஏன் அண்ணாச்சி? முறை மாறினால் கணக்கே மாறிவிடுமே.

ஜனவரி 21

காலையில் வள்ளியூர் போன். லிங்கதுரையேதான் அப்பாவிடம் பேசினார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. “யோசிச்சுப் பார்த்தேன் மாமா. மைக் இல்லாத கல்யாணம் எனக்கு ஒத்து வராது. தொழில்ல தலை நிமிந்து நிக்க முடியாது. தப்பு எங்க பக்கம்தான். யார் கேட்டாலும் மாப்பிள்ளை ஒத்துக்கிடலன்னே சொல்லுங்க.”

மூன்று நாளைக்கு முன்னால் எனக்கு ஒன்றுமில்லை என்றவர் இன்றைக்கு ஒத்து வராது என்கிறார். நிச்சயம் ஆனதுதான், ஆனால் எதுவும் நிச்சயமில்லை. அப்பா கடை திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து தெருவையே பார்க்கிறார். அம்மா பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப விளக்குகிறாள். அக்கா அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். “அப்பா” என்றாள். அப்பா, “நீ என்னம்மா பண்ணுவ. பார்த்ததத்தான சொன்ன” என்றார். அக்கா அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். அவள் எதற்கு அழுகிறாள் என்று தெரிந்தால் இன்னும் ஒழுங்காக அழுதிருப்பேன்.

ஆத்திரத்தில் இந்த டைரியின் எல்லாப் பக்கத்திலும் அடியிலிருக்கிற விளம்பரத்தை அடித்தேன். டிசம்பர் வரைக்கும். கறுப்புப் பேனா தீர்ந்துவிட்டது.

ஜனவரி 22

இதற்கெல்லாம் காரணமான இரண்டையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று டியூபில் போனேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான்.

கிட்டே போனபோது பார்த்தேன். ஒன்று காற்றில் அரை வட்டம் திரும்பி நிற்கிறது. ஜிகினாப் பக்கம் டவரைப் பார்த்து. ‘லிங்க’ என்கிற எழுத்து, ஒரு எழுத்து குறையாமல்.

டியூபில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கடையில் அவரே வெட்டி ஒட்டிய எழுத்து. டெலஸ்கோப்பில் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் அவருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தவர் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? ஊரைக் கூட்டிக் காட்டியிருந்தால் சாக்கை அவிழ்த்து, மேளம் கொட்டி, லாரி நிறைய ஸ்பீக்கரோடு கல்யாணம் நடந்திருக்குமே. தப்பு எங்க பக்கம் என்று எதற்காகச் சொன்னார்?

மரத்தில் ஏறிக் கையை நீட்டி அதன் குடைக்கம்பிக் காலைப் பிடித்தேன். டவரைப் பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். விட்டுவிட்டு வந்தேன்.

“அப்ப உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியல” என்றேன்.

“நீதானட்டி செஞ்ச” என்று சொல்லி, எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் தலையில் குட்டினாள். வலித்தது. நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அடித்த விளம்பரத்துக்கு மேலே ஒவ்வொரு பக்கத்திலும் ‘லிங்கதுரை சவுண்ட் சர்வீஸ், வள்ளியூர்’ என்று சிவப்புப் பேனாவில் எழுதினேன். மார்ச் வரைக்கும் முடிந்தது. மீதி நாளைக்கு.

ஜனவரி 24

இன்றைக்குக் கல்யாணம். இல்லை. அம்மா சாம்பார் வைத்தாள். அக்கா வழக்கம்போல டவருக்குப் போனாள்.

ஜனவரி 26

அப்பா கடை திறந்தார். முதல் டீயைப் பெரியப்பா குடித்துவிட்டு, “சீனி தூக்கல்” என்றார். அப்பா, “சங்கடத்துல கை தவறிட்டு” என்றார். “அப்படின்னா இன்னொண்ணு போடு” என்றார் பெரியப்பா.

ஜனவரி 29

காலையில் அக்கா டவரிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தவில்லை, சாக்கு கட்டியிருக்கிறதே. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு நான் படி ஏறியது என் காலுக்கே நினைவில்லை.

டெலஸ்கோப்பில் பார்த்தேன். நடு மரத்தில் மூன்று நாரை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். நான்கு. இரண்டு என்னுடையது. இரண்டு யாருடையதும் இல்லை. அதில் ஒன்று கழுத்தை வளைத்து, என் நாரையின் அகப்பை மூக்கைத் தன் மூக்கால் தட்டிப் பார்த்தது. பதில் வராததால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, ஒரு முள் சுள்ளியை அதன் காலடியில் வைத்தது.

“வந்துட்டு” என்றாள் அக்கா. அப்புறம் கீழே இறங்கிப் போய்ப் பலகையை ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸை ஊன்றி எழுதினாள். மஞ்சமூக்கு நாரை. பக்கத்தில் 2.

“நாலுல்லா இருக்கு?” என்றேன்.

“ரெண்டு” என்றாள்.

அப்பா கடைக்குப் பால் கொண்டுவந்த அம்மா பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் இத்தனை வருஷத்தில் டவரில் ஏறியதே இல்லை, முட்டி வலி. இன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அக்கா டெலஸ்கோப்பைத் தாழ்த்தி வைத்தாள். அம்மா மூக்குத்தி இடிக்க இடிக்கக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு லிங்கதுரை அண்ணாச்சி பார்த்த மாதிரி. ஒரு தடவை கண்ணை எடுத்து என் கையைப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

என்ன சொல்லப்போகிறாளோ என்று நானும் அக்காவும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அம்மா நிமிர்ந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். “அடுத்த சந்தைக்குப் போறப்ப ஞாபகப்படுத்துங்கட்டி” என்றாள். “ரெண்டு அகப்பை வாங்கணும்.”